நிலுவையில் ஒரு பிரசவம்

நர்ஸம்மாவை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த ஆவணி மாதத்திலிருந்து எங்கள் தேன்கல்பட்டில் குழந்தைகள் பிறப்பதை நிறுத்திக்கொண்டன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் பூசை போட்டுக் கேட்கவில்லை. ஏழு வயிற்றில் இருந்த ஏழு குழந்தைகள், ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்திராதவை, அந்த அம்மா வந்தால் வருகிறோம், வராவிட்டால் எங்களுக்கு இங்கேயே சௌகரியமாகத்தான் இருக்கிறது என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டன.

கிருபாவதி நர்ஸம்மா வேலூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் மலையில் பதினான்கு வருஷம் இருந்தார். துணை சுகாதார நிலையம் என்று நீலப் பெயிண்டில் எழுதிய கட்டடத்தில் இரண்டே அறை. ஒன்றில் அவர் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார், மற்றதில் நாங்கள் பிள்ளை பெறுவோம். ஆம்புலன்ஸ் கீழே காட்டாற்றுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும், ஆற்றிலிருந்து ஊருக்குப் பதினோரு கிலோமீட்டர், மழைக்காலத்தில் டோலி கட்டித் தூக்குகிற ஆட்களுக்கே யாராவது டோலி கட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் வருஷத்துக்கு ஒன்பது பிரசவம்தானே, இதற்கு ஒரு நர்ஸா என்று மேலே யாரோ கேட்டாராம். கேட்டவர் காட்டாற்றைத் தாண்டியவர் இல்லை. நர்ஸம்மா தன் டிரங்குப் பெட்டியோடு கீழே இறங்கிப் போனார், நாங்கள் ஆறு வரைக்கும் கூடவே போய் அழுதுவிட்டு வந்தோம்.

இதைச் சொல்லும் நான் இந்த ஊர் அங்கன்வாடி டீச்சர். பதினோரு பதிவேடு எழுதுகிறவள். எழுதியதில் ஒரு வரியையாவது யாராவது படித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

முதலில் நாள் தள்ளியது வெள்ளச்சிக்கு. புரட்டாசியில் பிறக்க வேண்டியது ஐப்பசிக்குப் போயிற்று, ஐப்பசியில் மழைக்குப் பயந்து இருக்கிறது என்றார்கள், கார்த்திகையில் மழை விட்டும் வரவில்லை. குழந்தை உதைத்தது, புரண்டது, புளிக்குழம்பு வைத்தால் துள்ளியது, ஆனால் வலி மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அவளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால், குழந்தை அருமையாக இருக்கிறது, முப்பத்தொன்பது வாரம், அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் போனால் அப்போதும் முப்பத்தொன்பது வாரம். அதற்கடுத்த வாரமும் அதுவே. வெள்ளச்சிக்குப் பின்னால் சாலம்மா, அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர், ஏழு பேருக்கும் எப்போது எடுத்தாலும் முப்பத்தொன்பது. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைசியாத் தலைக்குக் குளிச்ச தேதிகூட ஞாபகம் இருக்காதா உங்களுக்கு?" என்று கத்தினாராம்.

ஞாபகம் இல்லாமல் என்ன. எங்கள் மலையில் குளி தப்பின மாதத்திலிருந்து அமாவாசைக்கு ஒன்றாக ஒரு ஆமணக்குக் கொட்டையைச் சுரைக்குடுக்கையில் போட்டுவருவோம். குடுக்கையைப் புருஷன் தொடக்கூடாது, மாமியார் குலுக்கக்கூடாது, பிள்ளை பிறந்த அன்று அந்தக் கொட்டைகளை ஆட்டித்தான் விளக்குக்கு எண்ணெய் எடுக்க வேண்டும். எங்கள் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், எண்ணத் தெரியாது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊர் முதல் மாதம் பயந்தது, இரண்டாம் மாதம் பேசியது, மூன்றாம் மாதம் பழகிக்கொண்டது. வளைகாப்பு போட்ட வளையல்கள் உடைந்துபோனதால் இரண்டாம் வளைகாப்பு நடத்தினோம், அதற்கு என்ன பாட்டு என்று தெரியாததால் அறுவடைப் பாட்டையே பாடினோம். ஏழு பேரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சாமை அறுத்தார்கள், கேழ்வரகு அடித்தார்கள், குடம் குடமாகத் தண்ணீர் எடுத்தார்கள், மூச்சு வாங்கினால் நின்று வயிற்றில் ஒரு தட்டு தட்டி, "வர்றதா இருந்தா வா, இல்லன்னா கம்முனு கெட," என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். தாய்மாமன் ஒருவர் தொட்டில் கம்போடு வந்து மூன்று வாரம் காத்திருந்து, பலாப்பழம் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு, பிறந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று திரும்பிப் போனார். ஒரு வருஷம் உள்ளே இருந்த குழந்தைக்குப் பிறக்கும்போதே ஒரு வயசு கணக்கா இல்லையா என்று ஊர்க்கவுண்டர் தலைமையில் ஆண்கள் இரண்டு நாள் விவாதித்து, கடைசியில் சண்டை போட்டுக்கொண்டு கலைந்தார்கள். அங்கன்வாடியில் பேர் எழுதலாமா என்று என்னிடமே கேட்டார்கள். சத்துமாவை யார் வாயில் போடுவது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

இதையெல்லாம் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முடியாதவள் சாலம்மா ஒருத்திதான். அவளுக்கு இது இரண்டாவது. முதல் குழந்தை வந்த வாரம் நர்ஸம்மாவை ஏதோ முகாம் வேலை என்று கீழே கூப்பிட்டுக்கொண்டார்கள். விடிய வலி கண்டது, விடியவே டோலி கட்டினார்கள், காட்டாற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் வடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை அவள் என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். 'தாய் தாமதமாக வந்தார்' என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்திருக்க வேண்டாம், ஆனால் படித்துவிட்டேன். அதனால்தான் இந்த இரண்டாவது வயிற்றில் தினமும் கண் விழித்ததும் கையை வைத்து, உள்ளே ஓர் உதை வாங்கின பிறகுதான் அவள் பாயை விட்டு எழுந்திருப்பாள். அவள் புருஷன் தீர்த்தன் அதுவரை மூச்சுக்கூட விடமாட்டான்.

கார்த்திகைக் கடைசியில் ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். 'வட மாவட்ட மலைக் கிராமங்களில் பிரசவ உதவியும் சுகாதாரச் சமத்துவமும்' என்பது அவர்கள் ஆய்வின் பேர். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிடும். ஹேமலதா மேடம் சென்னை, கெட்டிக்காரி, ஒல்லி, ரத்தம் உறிஞ்சும் அட்டைகளைக் கண்டு பயப்படுவார். கூட வந்த ரிஸ்வான் சார் நல்ல பிள்ளை, எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார். இருவரும் மாதம் ஒருமுறை நடந்தே ஏறிவந்து, சுகாதாரத் துறையின் செயலியிலேயே கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதிந்து, வழியின் தூரத்தைக் கைப்பேசியில் அளந்து, ஒவ்வொரு வீட்டிலும் நாற்பத்தாறு கேள்வி கேட்டார்கள். கேள்வி நாற்பத்தாறிலும் 'ஏன் இன்னும் பிறக்கவில்லை' என்பது இல்லை.

மாசியில் அவர்கள் சாலம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்தபோது நானும் இருந்தேன்.

"எத்தனை மாசம்?" என்றார் ஹேமலதா.

"பதிமூணு."

ரிஸ்வான் சார் டேப்லெட்டில் தட்டினார். சாலம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரம்மா, அவரு இன்னா எழுதுனாரு? படி."

எனக்குப் படிக்கவே மனசில்லை. "முப்பத்தொம்போது வாரம்" என்றேன்.

அவள் உள்ளே போய்ச் சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்து, ஹேமலதாவின் மடியில் அப்படியே கவிழ்த்தாள்.

"எண்ணுங்க மேடம்."

ஹேமலதா எண்ணினார். பதின்மூன்று. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார், அப்போதும் பதின்மூன்று.

"மொத புள்ள செத்தப்ப நான் தாமதமா வந்தேன்னு எழுதிட்டாங்க," என்றாள் சாலம்மா. "வெளுக்கறப்ப வலி, வெளுக்கறப்பவே கெளம்பிட்டோம். ஆறு வழி உடல. ஆத்த எழுதல, என்னிய எழுதுனாங்க. இந்தப் புள்ளயயாச்சும் நெசமா எழுதுங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமா போவும்."

ரிஸ்வான் சார் முகம் சுருங்கிப்போயிற்று. நாற்பத்திரண்டு வாரத்துக்கு மேல் போனால் செயலி அந்தப் பெயரைச் சிவப்பாக்கிவிடுகிறது, மறுபடி எதையும் பதிய விடுவதில்லை, ஸ்கேனும் முப்பத்தொன்பது என்றுதானே சொல்கிறது, அதனால் ஒவ்வொரு மாதமும் ஏழு பேருடைய குளித்த தேதியையும் ஒரு மாதம் பின்னால் தள்ளிவைத்தேன் என்று மெதுவாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, படித்தவர்கள் எல்லாரும் செய்வதுதான், கட்டத்துக்குள் ஆள் அடங்காவிட்டால் ஆளை வெட்டிவிடுவது. அதனால்தான் மேலே இருந்தவர்களுக்கு எங்கள் மலை பச்சைப் பசேலென்று தெரிந்திருக்கிறது. நர்ஸே இல்லாமல் ஏழு கர்ப்பிணிகளும் சுகம், ஒரு குறையும் இல்லை.

"எல்லாத்தையும் பழைய தேதிக்கு மாத்து," என்றார் ஹேமலதா.

"மேடம், ஆய்வு நின்னுடும்."

"நிக்கட்டும்."

அவர் வீடு வீடாகப் போய் ஏழு குடுக்கையையும் எண்ணினார், எண்ணினதை அப்படியே ஏற்றினார். ஏழு பெயரும் சிவப்பாயின. சிவந்ததும் அவற்றுக்குப் பக்கத்தில் 'நிலுவைப் பிரசவம்' என்று தானாகவே ஒரு வரி முளைத்தது.

பதின்மூன்று மாத வயிறு என்றால் அதிகாரி யாரும் நம்பமாட்டார், டாக்டரும் நம்பமாட்டார். ஆனால் நிலுவை என்றால் நம்பாத அதிகாரி கிடையாது. மாநிலம் முழுவதற்குமான பட்டியலில் எங்கள் மாவட்டத்தின் பெயருக்கு நேரே மட்டும் ஏழு சிவப்புக் கோடு எரிய, மாவட்ட அதிகாரி சாப்பாடு இறங்காமல் தவித்து, பங்குனி பிறந்ததும் ஓர் உத்தரவு போட்டார்: மேற்படி நிலுவை முழுவதும் தீரும் வரை செவிலியர் கிருபாவதி தேன்கல்பட்டில் தங்கிப் பணிபுரிய வேண்டியது.

நர்ஸம்மா காட்டாற்றைத் தாண்டிக் காலை வைத்ததும் வெள்ளச்சிக்கு இடுப்பில் முதல் வலி எடுத்தது. அவர் ஏறிவர ஏற வலி கூடியது, அவர் கைகால் கழுவிக் கதவைச் சாத்தினார், சூரியன் உச்சிக்கு வருவதற்குள் ஆண் குழந்தை. அதற்கப்புறம் ஒன்பது நாளில் இன்னும் ஐந்து, வரிசையில் நிற்பது போல ஒன்று முடிந்து ஒன்று, முந்தாமல், பிந்தாமல், ஆளுக்கு மூன்று கிலோவுக்குக் குறையாமல். நர்ஸம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட ஆள் போட்டோம். ஊரில் ஒரே எண்ணெய் வாசனை, ஒரே அழுகைச் சத்தம், தாய்மாமன் பலாப்பழ ஆசையில் ஓடிவந்தார்.

பிறந்தவற்றைப் பதியப் போனால் செயலி ஏற்கவில்லை. அதிகாரி போனில் வந்து, "முப்பத்தொன்பதுன்னு போட்டு முடிச்சு விடும்மா," என்றார். நர்ஸம்மா ஆறு பேருக்கும் அப்படியே போட்டார். போட்டுவிட்டு, என் மனசுக்கே பிடிக்கல டீச்சர் என்று என்னிடம் சொன்னார். ஆறு சிவப்பு மறைந்தன.

ஏழாவது சாலம்மாவுடையது. அது வரவில்லை.

சித்திரை வந்தது, போயிற்று. நர்ஸம்மா தினமும் தொட்டுப் பார்த்தார், இதயத் துடிப்பு மணியடித்தது போலக் கேட்டது, தலை சரியாக இறங்கியிருந்தது, ஆனால் அது நகரவில்லை. ஏன் என்று ஊருக்கே தெரியும். கடைசி நிலுவையும் தீர்ந்தால் நர்ஸம்மா போய்விடுவார். அதற்குள் ஊரில் இன்னும் நான்கு பேர் புதிதாகக் குளி தப்பியிருந்தார்கள். எங்களில் ஒருத்தராவது, பெத்துக்காத சாலம்மா, இன்னும் கொஞ்ச நாள் இரு என்று சொன்னதில்லை. ஆனால் அவள் வீட்டுக்குத் தேன் போயிற்று, நாட்டுக்கோழி முட்டை போயிற்று, தண்ணீர்க்குடம் தானாக நிறைந்தது, விறகு தானாக அடுக்கிக்கொண்டது. அவளுக்குப் புரியாதா? ஒருநாள் என்னைப் பார்த்து, "எம் புள்ளய ஊருக்குக் காவலுக்கு நிறுத்திட்டீங்க டீச்சரம்மா," என்றாள். "ஒண்ண ஆத்துக்குக் குடுத்தேன், இத்த ஊருக்குக் குடுக்கணுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலமே போய் வெள்ளச்சியிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் வெள்ளச்சியும் மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலம்மா வீட்டுக்கு வந்தார்கள். கூடவே வயிற்றில் புதிதாகச் சுமக்கிற நான்கு பேரும் வந்தார்கள். வெள்ளச்சி சாலம்மாவைப் பார்த்துப் பேசவில்லை, குனிந்து வயிற்றோடு பேசினாள்.

"தே, கண்ணு. நீ காவல் காத்தது போதும். உங்கம்மா ஒனக்காவக் காத்துக்கினு இருக்குறா. நர்ஸம்மாவ அனுப்புனா நாங்க பத்துப் பேரும் புள்ளைங்களோட போயி அந்த ஆபீசு வாசல்ல உக்காந்துக்குறோம். அது எங்க வேல, ஒன் வேல இல்ல. நீ வா."

நான்கு பேரில் சின்னவள், கல்யாணமாகி வருஷம்கூட ஆகாதவள், "ஆமா, நீ வந்துடு. எனக்குப் பயமில்ல," என்றாள். அவளுக்குப் பயம் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சாலம்மா வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தவள் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் அவளை நடத்தியே கூட்டிப்போனோம், இருநூறு அடிதான், ஆறு இல்லை, டோலி இல்லை, நீலப் பெயிண்டு போட்ட கதவு திறந்தே இருந்தது. தீர்த்தன் வெளியே கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். ஆய்வு நின்றாலும் சரி என்று மாதம் தவறாமல் வந்த ஹேமலதாவும் ரிஸ்வானும் மூச்சிறைக்க மேட்டில் ஏறிவந்து, என்ன ஏது என்று கேட்காமலே அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே நர்ஸம்மா, "அவ்வளவுதான் சாலு, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தச் சத்தமும் நின்றது, எங்கள் நெஞ்சும் நின்றது, அதற்குப் பிறகுதான் குழந்தை அழுதது. பெண். மலையே கேட்கிற மாதிரி அழுதது. தீர்த்தன் கல்லை விட்டு எழுந்து கதவுக்கு ஓடினான், நாங்கள் பதினோரு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதோம், பத்து மாசமாக மூச்சை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸம்மா கைப்பேசியை எடுத்தார். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டிருந்த சாலம்மா தலையைத் தூக்கினாள்.

"நர்ஸம்மா, இன்னா எழுதப்போற?"

நர்ஸம்மா செயலியைத் திறந்தார்.

"நான் எத்தினி சொமந்தனோ அத்த எழுது. ஒரு நாள் கொறச்சு எழுதுனாலும் ஒத்துக்க மாட்டேன்."

ஹேமலதா குடுக்கையை எண்ணி, நாட்காட்டியோடு சரிபார்த்து, எழுபது வாரம் என்றார். நர்ஸம்மா எழுபது என்று தட்டினார். செயலி ஏற்கவில்லை. இன்னொரு முறை தட்டினார். ஏற்கவில்லை. ரிஸ்வான் சார் வாங்கித் தட்டினார், அதற்கும் ஏற்கவில்லை. 'நிலுவைப் பிரசவம்: 1' என்று சிவப்பாகவே நின்றது. முதலில் ரிஸ்வான் சாருக்குத்தான் விளங்கியது. அவர் அந்தச் சிவப்பைப் பார்த்தார், நர்ஸம்மாவின் உத்தரவை நினைத்துப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்.

நிலுவை முழுவதும் தீரும் வரை என்றல்லவா உத்தரவு.

அதிகாரி போனில் கெஞ்சினார், மிரட்டினார், முப்பத்தொன்பது போடுங்கள் என்றார். "உண்மையப் போட்டிருக்கேன் ஐயா, உங்க செயலிதான் எடுக்கல," என்றார் நர்ஸம்மா. தேதியைத் திருத்தும் உரிமை களத்தில் இருப்பவருக்கு மட்டும்தான், களத்தில் இருந்தவருக்குத் திருத்த மனசில்லை. செயலியைத் திருத்தக் கோரி ஹேமலதா ஆய்வறிக்கையோடு மனு அனுப்பினார். அது பரிசீலனையில் இருக்கிறது. பிறப்புச் சான்று வேறு ஆபீஸ், அங்கே வாரக் கணக்கு கேட்பதில்லை, அதனால் அது ஒழுங்காக வந்துவிட்டது. அந்த நான்கு பேரும் நர்ஸம்மா கையிலேயே பெற்றார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர், எல்லாம் ஒன்பது மாதம் முடிந்து பத்தில், சொன்ன நாளில்.

போன வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து புதிதாக வந்த கிளார்க் ஒருவர் என் எண்ணுக்குக் கூப்பிட்டார். பட்டியலில் சாலம்மா என்று ஒரு பேர் ரொம்ப நாளாக நிலுவையில் நிற்கிறதே, அவருக்குப் பிரசவம் ஆகிவிட்டதா என்று கேட்டார். சாலம்மா அப்போது தன் மகளைக் கொண்டுவந்து விடுவதற்காக அங்கன்வாடிக்கு வந்திருந்தாள். அந்தக் குட்டி உள்ளே வந்ததும் வராததுமாக வெள்ளச்சி மகனின் முடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். நான் போனைச் சாலம்மாவிடமே கொடுத்தேன்.

"ஆயி ரெண்டு வருசமாச்சு சார். எழுபது வாரம் சொமந்தேன். அப்பிடின்னு எழுதிக்கினீங்கன்னா முடிஞ்சுபோச்சு."

"அதெப்படிம்மா எழுத முடியும்? சிஸ்டம் எடுக்காதே."

சாலம்மா ஓடிப்போய் மகளின் கையைப் பையனின் முடியிலிருந்து பிரித்துவிட்டு, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போனை மறுபடி காதுக்குக் கொடுத்தாள்.

"அப்பிடின்னா இருக்கட்டும் சார்," என்றாள். "எடுக்கறப்ப எடுக்கட்டும். நாங்க காத்துக்குறோம்."